இடது காலுக்கான செருப்பு

நாணல்மேட்டுப் பண்ணை,
மார்ட்டின் புனிதர் திருநாளுக்கு மறுநாள்.

என் அன்புக்குரிய தோர்கிலுக்கு,

ஹில்டித் எழுதுவது. இங்கே நானும், என் வயிற்றில் புரளும் உங்கள் பிள்ளையும், சிவப்புப் பசுவும் சுகம். கோட்டையில் நீங்கள் சுகமா? இருமல் நின்றதா? எழுத்துகளைப் பெரிதாக, இடைவெளி விட்டே எழுதுகிறேன். போன குளிர்காலத்தில் உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே; உதட்டை அசைத்து அசைத்து நீங்கள் படிக்கும் வேகம் எனக்குத் தெரியும். எழுதும் தோல் துண்டு தீர்ந்துவிடுமே என்று கவலைப்படாதீர்கள். கன்னிமடத்திலிருந்து நான் கொண்டுவந்த சீதனம் இது ஒன்றுதான். உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப் போகிறேன்?

முதலில் துக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா, என் மாமா, போய்விட்டார். தோவாவின் புருஷன் கிரிம் வாய்மொழியாகச் சொல்லியிருப்பான். ஆனால் அவன் கோட்டைக்கும் விலாங்கு விற்கிறான், அக்கரை டேனர்களுக்கும் விலாங்கு விற்கிறான். யாரிடம் எதைச் சொல்லலாம் என்று எடை போட்டுப் பாதியை விழுங்கிவிடுவான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கதிரடிப்பு முடிந்த வாரத்தில் மாமாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. எங்கள் சாக்சன் பேச்சு அவருக்கு மறந்தே போய், டேனியப் பேச்சு மட்டும்தான் வந்தது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "பசங்க வந்துட்டானுங்களா?" என்று கேட்பார். பசங்க என்றால் நீங்களும் உங்கள் தம்பியும். வந்துகொண்டே இருக்கிறார்கள் மாமா என்று நானும் மாடு பார்க்கும் தோவாவும் மாறி மாறிப் பொய் சொன்னோம். கோட்டைப் பிரபு சிகெரிக் உங்களுக்கு விடுப்புத் தரவில்லை என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. "பெத்தவன் போனா என்னடா, ஞானத்தகப்பன் நான் இருக்கேன்ல" என்றாராமே! சின்ன வயதில் உங்களைச் சமாதானத்துக்குப் பிணையாக வாங்கி, ஞானஸ்நானம் கொடுத்து, வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நன்றி வேண்டியதுதான். அதற்காக அப்பனுக்கு ஒரு பிடி மண் போடவும் விடமாட்டாரா?

நீங்கள் வராத இடத்துக்கு உங்கள் தம்பி வந்தார். ஆமாம், அக்கரை டேனர்களோடு இருக்கும் ஸ்டெயின்தான். ஆயுதங்களை அக்கரையிலேயே போட்டுவிட்டு, கையில் ஒரு பச்சைக் கிளையோடு படகில் வந்து இறங்கினார். குனியாமல் உள்ளே நுழைந்து, நீங்கள் எப்போதும் இடித்துக்கொள்ளும் அதே உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வைக்கிங் என்றால் குழந்தைகளைத் தின்பவன் என்று கன்னிமடத்தில் எங்களைப் பயமுறுத்துவார்கள். இவரோ, "அண்ணி, குடிக்கக் கொஞ்சம் கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

அடக்கம் செய்வதில்தான் சண்டை வந்தது. குதிரைச் சந்தையில் சாக்சன்கள் தன்னிடம் வாங்க வேண்டும் என்பதற்காக மாமா ஒருமுறை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், முழு ஞானஸ்நானம் பெறவில்லை. பாதிரியார் டுட்டா அதைப் பிடித்துக்கொண்டார். ஆள் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் என்றார். உங்கள் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "குதிரை விக்கிறதுக்காக நெத்தியில ஒரு கோடு போட்டாரு. அதுக்கு ஒங்க சாமி வந்து ஆளையே தூக்கிட்டுப் போயிடுமா?" என்றார். "போட்டது போட்டதுதாம்ப்பா, அழிக்க முடியாது" என்றார் பாதிரியார்.

கடைசியில் நான்தான் நடுவில் புகுந்தேன். வீட்டை விட்டுப் போவது டேனர் முறைப்படி, படுப்பது எங்கள் முறைப்படி என்று தீர்ப்புச் சொன்னேன். உங்கள் படுக்கைப் பலகைக்குப் பக்கத்தில், மேற்குச் சுவரை உடைத்து, கால் முன்னே போகும்படி வெளியே எடுத்தார்கள். வாசல் தெரியாமல் போனால்தான் செத்தவர் திரும்பி வரமாட்டாராம். பிறகு ஸ்டெயின் தன் கையாலேயே முளை நட்டு, களிமண் பூசி அடைத்தார். அவர் உள்ளங்கைத் தடம் இன்னும் வெளிப்பக்கம் அப்படியே இருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு கூத்து. மறு உலகத்துக்கு நடந்து போகக் காலில் செருப்புக் கட்டிவிட வேண்டும் அல்லவா? தோவா வலது காலில் கட்டி முடிக்கும்போது பாதிரியார் பார்த்துவிட்டார். "இவரு எதுக்கு நடக்கணும்? தேவதூதர் தூக்கிட்டுப் போவாங்க, அவுத்துப் போடு!" என்று கத்தினார். உங்கள் தம்பியின் கை வாளில்லாத இடுப்பைத் தடவியது. கட்டியது கட்டியபடி இருக்கட்டும், மற்றதை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். இருவரும் அடங்கிவிட்டார்கள். இரண்டு காளைகளை ஒரே முளையில் கட்டிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இடது காலுக்கான செருப்பு இப்போது உங்கள் சட்டை மாட்டும் முளையில் தொங்குகிறது.

போகும்போது படகடியில் உங்கள் தம்பி எனக்கு மட்டும் ஒரு சேதி சொன்னார். எழுதினால் என் தலை போகும், எழுதாவிட்டால் உங்கள் தலை போகும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். ஆறு உறைந்ததும் அவர்கள் பனிக்கட்டி மேல் நடந்து கோட்டைக்கு வருகிறார்கள். ஆற்றுப்பக்கக் கதவில் காவல் நிற்பது நீங்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அண்ணன்கிட்ட சொல்லுங்கண்ணி. தாழ்ப்பாள எடுத்து வச்சாப் போதும். வெட்ட வேணாம், குத்த வேணாம். எடுக்கலன்னா, கதவுக்குப் பின்னாடி நிக்கிறது அண்ணனான்னு நான் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. நான் கேட்டாலும் எங்கூட வர்றவன் கேக்க மாட்டான்" என்றார்.

நான் சாக்சன் பெண். என் கூடப்பிறந்தவர்களை டேனர்கள் கொன்றார்கள். கதவைத் திறந்துவிடுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உத்தரத்தில் இடித்துக்கொண்ட அந்த நெற்றியைப் பார்த்த பிறகு, திறக்காதீர்கள் என்று எழுதவும் வரவில்லை. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

பிள்ளைக்கு ஓர்ம் என்று மாமாவின் பெயரை வைக்க வேண்டும் என்கிறார் ஸ்டெயின். செத்தவர் பெயரைத்தான் வைக்க வேண்டுமாம், உயிரோடிருப்பவர் பெயரைத் தொடக்கூடாதாம். பிரபுவோ சாக்சன் பெயர்தான் வேண்டும் என்று இப்போதே சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளை எட்டிப் பார்ப்பதற்குள் அதற்கும் இரண்டு கட்சி!

கிரிமிடம் கம்பளிக் காலுறை கொடுத்திருக்கிறேன். இடது காலுக்கு நான்கு விரல் அளவுதான் தைத்தேன். பனி தின்ற உங்கள் சுண்டுவிரலுக்கு நூலை வீணாக்குவானேன்? அதில் பிள்ளைக்கு ஒரு குல்லாய் ஆயிற்று.

ஆண்டவரும், உங்கள் அப்பா கும்பிட்ட தெய்வங்களும், யார் விழித்திருக்கிறார்களோ அவர்கள் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ஹில்டித்


நாணல்மேடு,
இரத்த மாதக் கடைசி. பன்றிகளை அறுத்து உப்புப் போட்டாயிற்று.

அன்புள்ள தோர்கில்,

உங்கள் பதில் வந்தது. கோணல் எழுத்துத்தான், ஆனால் பிழையில்லை. தாழ்ப்பாளை எடுக்க மாட்டேன், தம்பி மேல் கோடரி தூக்கவும் மாட்டேன், வெறுங்கையோடு கதவடியில் நிற்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புனிதரின் திருப்பண்டத்தைத் தொட்டுப் பிரபுவுக்குச் செய்த சத்தியமும் நிற்கும், தம்பியை வெட்டுவதில்லை என்று மோதிரத்தைத் தொட்டு அப்பாவுக்குச் செய்த சத்தியமும் நிற்கும் என்று சந்தோஷப்படுகிறீர்கள். படித்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். என் புருஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று தோவாவிடம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது நடப்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மூடுபனி இறங்கிய முதல் நாள் காலையில் பூண்டுப் பாத்தியில் காலடித் தடங்கள் கிடந்தன. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து, வீட்டைச் சுற்றி, மேற்குச் சுவரடியில் நின்றிருந்தன. வலது கால் வழவழப்பான செருப்புத் தடம். இடது கால் வெறுங்கால், விரல் ஐந்தும் விரிந்து பதிந்திருந்தது. கிரிம் குடித்துவிட்டு ஒரு செருப்பைத் தொலைத்திருக்கிறான் என்று அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், அவன் இரண்டு செருப்போடு நின்று திருதிருவென்று விழித்தான்.

மறுநாளும் தடம் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. சுவரில் உங்கள் தம்பியின் உள்ளங்கைத் தடத்துக்குக் கீழே புதிதாக விரல் கோடுகள். கண் தெரியாதவர் கதவைத் தடவித் தேடுவது போன்ற கோடுகள். மாடுகள் அந்தப் பக்கம் போக மறுக்கின்றன. நாய் குரைப்பதில்லை, அடுப்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது.

பிறகு நானே பார்த்தேன். நட்டநடுப் பகல். பன்றிக்குக் கழுநீர் எடுத்துக்கொண்டு போனேன். பனியில் என் கை எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் தெரிந்தார். நாங்கள் போர்த்தி அனுப்பிய அதே சாம்பல் கம்பளி. செருப்புப் போட்ட கால் ஆற்றுப் பாதையில் இருந்தது, வெறுங்கால் கோவில் பாதையில் இருந்தது. ஆற்றுப் பக்கம் பார்த்தார், கோவில் பக்கம் பார்த்தார், மறுபடி ஆற்றைப் பார்த்தார். ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. என்னை அறியாமல், மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பினார். "பசங்க வந்துட்டானுங்களா?" என்று கேட்டார். என் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. அவர் பேசியபோது ஒன்றும் வரவில்லை.

நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். வயிற்றில் இருப்பது அன்று முழுக்க அசையவில்லை. மறுநாள் உதைத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

பாதிரியாரை அழைத்தேன். தீர்த்தம் தெளித்தார். "அரைக் கிறிஸ்தவனுக்கு முழு ஜெபம் சொன்னேன் மகளே, அதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கஞ்சிகூடக் குடிக்காமல் போய்விட்டார், அவர் கஞ்சியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. தோவாதான் உண்மையைப் போட்டு உடைத்தாள். "ரெண்டு செருப்பும் இருந்தா போய்ச் சேந்திருப்பாரும்மா. செருப்பே இல்லன்னா பேசாமப் படுத்திருப்பாரு. ஒத்தச் செருப்பக் குடுத்து அனுப்புனா மனுசன் என்னதான் பண்ணுவாரு?" என்றாள். அந்தத் தீர்ப்பைச் சொன்னது யார்? நான்தானே. சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு காலாக அவரை நிறுத்திவைத்தது என் சாமர்த்தியம்.

சரி, செய்த தப்பைத் திருத்துவோம் என்று இடது செருப்பை எடுத்துப்போய் மேற்குச் சுவரடியில் வெளியே வைத்தேன். எடுத்துக்கொண்டு போய்ச் சேருங்கள் மாமா என்று கும்பிட்டேன். காலையில் பார்த்தால் செருப்பு இல்லை, புதிய தடமும் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பன்றிக் கறி வேகவைத்து எல்லாருக்கும் போட்டேன்.

சாப்பிட்டு முடித்து, உங்கள் படுக்கையை உதறலாம் என்று ஆட்டுத்தோலைத் தூக்கினேன். கால்மாட்டில் செருப்பு இருந்தது. ஈரமாக இருந்தது, உள்ளே ஆற்று மணல். சுவரில் பூசிய மண் எங்கும் உடையவில்லை. வாசலை உள்பக்கம் தாழிட்டவள் நான். யாரும் எடுத்து வைக்கவில்லை, எல்லாரிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். தோவா அதைத் தொடவே மாட்டேன் என்றாள். "அவரு இத வேணாம்னு சொல்லலம்மா. இது தனக்கில்லன்னு சொல்றாரு" என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அது யார் படுக்கை என்று எனக்குத் தெரியாதா?

தோர்கில், உங்களைக் காலில் விழுந்து கேட்கிறேன். வெறுங்கையோடு கதவடியில் நிற்காதீர்கள். நான் செய்த அதே தீர்ப்பைத்தான் நீங்களும் உங்களுக்கே செய்துகொள்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி கொடுப்பவரை இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாது. தாழ்ப்பாளை எடுங்கள், அல்லது கோடரியை எடுங்கள். போன கடிதத்தில் எழுதக் கை வராததை இப்போது எழுதுகிறேன். எதை எடுத்தாலும் நான் உங்கள் பின்னால் வருவேன். டேனர்களோடு போனால் படகில் ஏறி வருவேன். பிரபுவோடு நின்றால், கொழுந்தனைக் கொன்றவருக்குக் கஞ்சி ஊற்றுகிறேனே என்று அழுதுகொண்டே ஊற்றுவேன். ஊற்றுவேன், அதுதான் முக்கியம்.

ஆற்றோரத்தில் மெல்லிய பனித்தகடு பிடித்துவிட்டது. கிரிம் நாளை விடிந்ததும் கிளம்புகிறான். சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.

உங்கள் காலடியை ஆண்டவர் உறுதிப்படுத்தட்டும்.

உங்கள்
ஹில்டித்


நாணல்மேடு,
ஆறு உறைந்த பிறகு.

தோர்கில்,

உங்கள் பதில் வரவில்லை. கோட்டைப் பக்கமிருந்து புகை வந்தது, அதைப் பார்த்தோம். இரண்டாம் நாள் கிரிம் வந்தான், கூடையில் மீன் இல்லை.

இந்த முறை அவன் எதையும் விழுங்காமல் சொன்னான். கோட்டை பாதி எரிந்ததாம், பாதி நிற்கிறதாம். டேனர்கள் பனிக்கட்டி மேலேயே திரும்பிப் போய்விட்டார்களாம். ஆற்றுப்பக்கக் கதவடியில் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாராம். டேனர்களைப் பார்த்துத் திரும்பிப் போங்கள் என்றாராம், உள்ளே திரும்பிப் பார்த்து அம்பு விடாதீர்கள் என்றாராம். "அவன் கதவ அடைச்சுக்கிட்டு நின்ன துரோகி" என்று டேனர்கள் சொல்கிறார்களாம். "அவன் எதிரியோட பேசிக்கிட்டு நின்ன துரோகி" என்று கோட்டைக்காரர்கள் சொல்கிறார்களாம். முன்னாலும் வெட்டு, பின்னாலும் வெட்டு என்று கிரிம் சொன்னபோது தோவா அவன் வாயைப் பொத்தினாள்.

செத்தவர்களைப் பொறுக்கும்போது பிரபுவின் ஆட்கள், "இது எங்க ஆளு இல்ல" என்றார்களாம். டேனர்களும் அதையேதான் சொன்னார்களாம். உடம்பு அப்படியே பனிக்கட்டி மேல் கிடந்ததாம். பிறகு பனி உடைந்து ஆறு எடுத்துக்கொண்டதாம். அக்கரையில் உங்கள் தம்பி சோறு தண்ணீர் இல்லாமல், அந்த உடைசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். கிரிம் வாழ்நாளெல்லாம் பொய் சொன்னவன். இதையும் நான் நம்பவில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

இன்று நடுப்பகலில் மூடுபனி இறங்கியது. பூண்டுப் பாத்தியில் தடம் இருக்கிறது. ஆற்றிலிருந்து நேராக வந்திருக்கிறது, கல்லறையிலிருந்து இல்லை. வலது காலில் செருப்பு, குதிகாலில் ஒட்டுப்போட்ட தையல் அச்சாகத் தெரிகிறது. அது என் தையல். இடது கால் வெறுங்கால். விரல்கள் நான்கு.

மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன். நான்குதான்.

தடம் வாசல் வழியாக வரவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. மேற்குச் சுவரடியில் நிற்கிறது. உயிரோடிருப்பவர், வாசல் திறந்திருக்கும்போது ஏன் அங்கே போய் நிற்கிறார்? அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இரண்டடி, கோவில் பக்கம் இரண்டடி, பிறகு திரும்பவும் சுவரடிக்கே. மாமாவின் தடம் எங்கேயும் இல்லை. பசங்க வந்துவிட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் கைக்கோடரியை எடுத்துச் சுவரை உடைத்துவிட்டேன். செத்தவருக்கு மூடிய வழியைத் திறப்பார்களா என்று தோவா தலையில் அடித்துக்கொண்டாள். பாதிரியார் கோவிலுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். உள்ளே பனி வந்து உங்கள் படுக்கை நனைகிறது, நனையட்டும். ஆண் பிள்ளை பிறந்தால் தோர்கில் என்று வைக்கலாம் என்றாள் தோவா. உயிரோடிருப்பவர் பெயரை வைக்கும் வழக்கம் டேனர்களில் இல்லையே என்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

வாசல் தாழிடாமல் இருக்கிறது. அடுப்பில் பார்லிக் கஞ்சி கொதிக்கிறது. உயிரோடு இருந்தால் அந்த வழியாக வாருங்கள். குனியாமல் வாருங்கள், உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொள்ளுங்கள், அந்தச் சத்தம் ஒன்று போதும் எனக்கு. இல்லையென்றால் சுவர் வழியாக வாருங்கள். பயப்பட மாட்டேன். உட்காருங்கள், இடது காலை என் மடியில் வையுங்கள், நானே கட்டிவிடுகிறேன். இரண்டு காலிலும் கட்டிய பிறகு நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக மாட்டேன் என்கிறான் கிரிம். அங்கே யாரிடம் கொடுப்பது என்கிறான். அதனால் மடித்துச் செருப்புக்குள் வைக்கிறேன். எழுத்தைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன். அவசரமில்லை, உதட்டை அசைத்து மெதுவாகவே படியுங்கள்.

இரண்டு வழிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் ஹில்டித்